மூன்று பெண்களின் அளவுத்தாள்

வெள்ளவத்தை, கொழும்பு 06
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். கழுத்து வலி எப்படி இருக்கிறது? பிலிப்பு மச்சானின் நினைவு வருஷப் பூசைக்கு வந்து போன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கோபம் இருந்தால் திட்டியே எழுதுங்கள்.

ஒரு காரியமாகத்தான் இப்போது எழுதுகிறேன். நான் வேலை செய்யும் பெண்கள் ஜிம்மில் இரண்டு வருஷமாகத் துவாய் மடிப்பதும் தரை துடைப்பதும்தான் என் வேலை. பயிற்சியாளர் சான்றிதழ் எடுத்தால் வகுப்பு நடத்தலாம் என்று ஜிப்னா மிஸ் சொல்கிறார். அதற்கு மூன்று பெண்களுக்கு, மூன்று விதமான உடம்புக்கு, ஏற்ற பயிற்சி கொடுத்து அளவெடுத்து அறிக்கை எழுத வேண்டும். வயிற்றில் சதை வைக்கிறவர் அப்பிள். இடுப்பிலும் தொடையிலும் வைக்கிறவர் பேரிக்காய். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறவர் கோடு போடுகிற அடிமட்டம். இங்கே வருகிற பெண்கள் தங்கள் அளவை எழுதிக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

உங்கள் லயத்து வரிசை வீடுகளை நினைத்தேன். நீங்கள் அப்பிள். அடுத்த காம்பரா வள்ளியம்மை அக்கா பேரிக்காய். கடைசிக் காம்பரா மேனுஷா அடிமட்டம். செய்து வைத்த மாதிரி மூன்று பேர். டேப்பும் தாள்களும் இதோடு அனுப்புகிறேன். போனில் கேட்கலாம்தான், ஆனால் சிக்னலுக்காக நீங்கள் மேட்டு வளைவில் நின்று இடுப்பளவு சொன்னால் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். மூன்று பேர் இல்லாவிட்டால் எனக்குச் சான்றிதழ் இல்லை, அக்கா.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கச்சி சஜீவனி


வெள்ளைக்கல் தோட்டம், கீழ்ப் பிரிவு
ஸ்பிரிங்வெளி வழி, பதுளை
22 ஜனவரி 2024

பாசமுள்ள தங்கச்சிக்கு அக்கா அற்புதமலர் எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிட்டார். என்ன தப்புச் செய்தேனோ என்று போனால், கையில் உன் கடிதம். இந்தக் காலத்தில் யாருக்கு இங்கே கடிதம் வருகிறது? அன்றைக்குப் பூராவும் "அற்புதமலர் அக்காவுக்குக் கொழும்புல இருந்து கடுதாசி" என்றே மலை முழுக்கப் பேச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் அளந்தோம். டேப்பைப் பார்த்ததும் வள்ளியம்மை, "என்னாடி, பெட்டி செய்யவா அளக்குற?" என்றாள். பேரிக்காய் என்று நீ பேர் வைத்ததைச் சொன்னேன். "பண்டாரவளைச் சந்தையில கிலோ என்னா வெலைன்னு ஒன் தங்கச்சிகிட்ட கேளு" என்கிறாள். மேனுஷா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்துவிட்டாள். அவளை அடிமட்டம் என்றதும் சிரிப்பு நின்றது.

எனக்கு மார்பு 38, வயிறு 37, இடுப்பு 38. வள்ளியம்மைக்கு 34, 31, 42. மேனுஷாவுக்கு 31, 27, 32. கை, கழுத்து அளவெல்லாம் தாளில் இருக்கிறது.

நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற எங்களுக்கு நீ என்ன பயிற்சி சொல்லித் தரப் போகிறாய் என்று பார்க்கத்தான் போகிறேன். சீக்கிரம் எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும்.
அக்கா


கொழும்பு 06
20 பெப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் தாமதம், மன்னிக்கவும்.

மலை ஏறுவது கால்களுக்கு மட்டும்தான் வேலை. நீங்கள் மூவரும் தேயிலைக் கொழுந்துப் பையின் பாரத்தைத் தலையில் தாங்குகிறவர்கள். ஆகவே மூவருக்கும் முதலில் கழுத்துப் பயிற்சி: தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு உங்களுக்கு, முழங்கை ஊன்றிக் குப்புறப் படுத்து உடம்பைப் பலகை போல நேராகப் பிடிப்பது, வாசற்படியில் வேகமாக ஏறி இறங்குவது. குனிந்து நிமிர்ந்தால் வயிறு குறையும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வள்ளியம்மை அக்காவுக்கு மேலுடம்பில் பலம் போதாது. இரண்டு போத்தலில் தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேலே தூக்கட்டும், பக்கவாட்டில் காலைத் தூக்கி இறக்கட்டும். மேனுஷா ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும்ப வேண்டும். அவளுக்குக் குறைக்க ஒன்றும் இல்லை, சதை பிடிக்க வேண்டும்.

மாதம் ஒரு தரம் அளவு அனுப்பினால் போதும். இங்கே வேலை அதிகம், நீளமாகப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. அளவு மட்டும் சரியாக இருக்கட்டும்.

சஜீவனி


கீழ்ப் பிரிவு
28 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் சுகம் அறிய ஆசை. அளவு மட்டும் போதும் என்றாய். இந்த ஒரு தரம் மன்னித்துக்கொள்.

வேலை விட்டு வந்து, தேயிலைச் சாயம் குடித்துவிட்டு, வாசலில் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறோம். மேனுஷாதான் எண்ணுவாள். பள்ளிக்கூட மாஸ்டர் மாதிரி அதட்டுகிறாள். வள்ளியம்மை போத்தலைத் தூக்கும்போது பாதி தண்ணீர் என் தலையில்தான். முதல் நாள் நான் பலகை போலப் படுக்கப் போய் அப்படியே தூங்கிவிட்டேன் என்று இரண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். உன் மச்சான் போன பிறகு நான் இப்படிச் சிரித்ததே இல்லை, சஜீவனி.

பத்துக் காம்பராவில் எங்கள் மூன்றில்தான் இப்போது விளக்கு எரிகிறது. மற்றவர்கள் பிள்ளைகளோடு டவுனுக்குப் போய்விட்டார்கள். வள்ளியம்மையின் மகனும் பண்டாரவளைக்கு வா, வா என்று கூப்பிடுகிறான். மேனுஷாவுக்குக் கொழும்பு ஆசை. நான் இரண்டு பேரிடமும், "சஜீவனியோட பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அக்கா


கீழ்ப் பிரிவு
25 மார்ச் 2024

தங்கச்சிக்கு,

நான் சுகம். எல்லாரும் சுகம். உன் கடிதம் வரவில்லை. பெரட்டில் தினமும் கேட்கிறேன். வேலையாக இருப்பாய்.

அளவு: எனக்கு வயிறு 35. வள்ளியம்மைக்கு இடுப்பு 41½. மேனுஷாவுக்குத் தோள் கால் அங்குலம் கூடியிருக்கிறது. தவறாமல் செய்கிறோம். மழை கொஞ்சம் கூடத்தான். வள்ளியம்மை வளர்த்த நாய் இப்போது என் வாசலில்தான் படுக்கிறது.

ஆண்டவர் காப்பாராக.
அக்கா


கொழும்பு 06
30 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அதுவே ஆகட்டும். உயிர்த்த ஞாயிறுக்கு வர முடியவில்லை, லீவு தரவில்லை.

உங்கள் தாளைப் பார்த்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான். இரண்டு மாதத்தில் வயிறு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது! சபாஷ் அக்கா. இப்படியே விடாமல் செய்யுங்கள். ஜிம்முக்குக் காசு கட்டி வருகிறவர்களுக்கே இப்படிக் குறையவில்லை. மூன்றுக்கும் மூன்று விதமாக நான் பிரித்துக் கொடுத்தது சரிதான் என்று இப்போது தைரியம் வந்திருக்கிறது.

அறிக்கையில் ஒட்ட மூவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்று வேண்டும். மேனுஷாவின் போனில் எடுக்கலாமே. ஜூன் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் போதும்.

சஜீவனி


கீழ்ப் பிரிவு
6 மே 2024

அன்பு சஜீவனிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இரு.

போட்டோ சரிவராது. வள்ளியம்மை, "முன்னபின்ன தெரியாத ஆளுக பாக்குறதுக்கு நா என்னாத்துக்கு நிக்கணும்" என்கிறாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். மேனுஷாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆனால் பயிற்சியில் இரண்டு பேரும் குறை வைப்பதில்லை. நேற்றுக்கூட மேனுஷா அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு முப்பது தரம் உட்கார்ந்து எழும்பினாள்.

எனக்கு வயிறு 32½. வள்ளியம்மைக்கு இடுப்பு 41. மேனுஷாவுக்குத் தோள் இன்னும் கால் அங்குலம்.

சபாஷ் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தரம் படித்தேன். பரீட்சை முடிந்த பிறகும் எழுதுவாய்தானே? சும்மா கேட்டேன்.

அக்கா


கொழும்பு 06
24 ஜூன் 2024

அக்காவுக்கு,

நேற்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். மேனுஷா. புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலையாம். எப்போது வந்தாய் என்று கேட்டேன். "மார்ச் மாசமே வந்துட்டேன் அக்கா. வள்ளியம்மை பெரியம்மா எனக்கு ஒரு கெழமைக்கு முன்னுக்கே மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. அற்புதமலர் பெரியம்மா சொல்லலையா?" என்றாள்.

மார்ச் 25, மே 6, ஜூன் 3 என்று மூன்று தாள்களில் இவளுடைய தோள் அளவு இருக்கிறது. யாருடைய தோள் அது? போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று வள்ளியம்மை அக்கா எங்கே இருந்து சொன்னார்? அந்த அளவுகளை நம்பி நான் முப்பது பக்கம் எழுதினேன். போன வாரம்தான் அறிக்கையைக் கொடுத்தேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி பரீட்சை. அங்கே நின்று இந்தப் பொய்யை நான் விளக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் திரும்பவும் துவாய் மடிக்கப் போக வேண்டும்.

எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள்? இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பேனே.

சஜீவனி


கீழ்ப் பிரிவு
1 ஜூலை 2024

தங்கச்சிக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

வள்ளியம்மை போனது மார்ச் இரண்டாம் தேதி. அடுத்த சனிக்கிழமை மேனுஷா போனாள். ரோட்டு வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பின்னேரம் பத்துக் காம்பரா லயத்தில் என் விளக்கு மட்டும்தான். அப்போதே உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீதான் எழுதியிருந்தாயே, மூன்று பேர் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை என்று. வேறு ஆளைத் தேடியிருப்பேன் என்று இப்போது சொல்கிறாய். அதற்குத்தான் பயந்தேன். வேறு ஆள் கிடைத்துவிட்டால் எனக்குக் கடிதம் எழுத உனக்கு என்ன வேலை இருக்கிறது? ஒன்றரை வருஷம் எழுதாதவள், மூன்று பெண்கள் வேண்டும் என்பதற்காக எழுதினாய். ஒருத்திக்காக எழுதவில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பயிற்சி செய்தது பொய் இல்லை. முதலில் என்னுடையதைச் செய்வேன். பிறகு வள்ளியம்மை நிற்கிற இடத்தில் நின்று போத்தலைத் தூக்குவேன். பிறகு மேனுஷாவின் இடத்தில் நின்று அரிசிப் பையோடு உட்கார்ந்து எழும்புவேன். எண்ணுவதும் நானே. வள்ளியம்மை சொல்லக்கூடியதை நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். பைத்தியம் என்று நினைப்பாய். கேட்கத்தான் யாரும் இல்லையே. அவர்கள் அளவு எல்லாம் நான் மனதில் போட்ட கணக்கு. வள்ளியம்மைக்கு மாதம் அரை அங்குலம் குறைத்தேன், மேனுஷாவுக்குக் கால் அங்குலம் கூட்டினேன். என் அளவு மட்டும் டேப்பில் எடுத்தது.

உன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன். மன்னி என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அக்கா


கீழ்ப் பிரிவு
15 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று மாதா திருநாள். கோவிலில் உனக்காக மெழுகுதிரி ஏற்றினேன். பரீட்சை என்ன ஆனது என்று தெரியவில்லை. பெரட்டில் கேட்பதை விட்டுவிட்டேன், கணக்கப்பிள்ளைக்கே என்னைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

உன் டேப்பை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வேறு நல்ல ஆட்களுக்கு உதவும். கடைசியாக ஒரு தரம் அளந்தேன், வயிறு 29. இதை எங்கும் எழுத வேண்டாம்.

எங்கிருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும்.
அக்கா


கொழும்பு 06
2 செப்டம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு நான் போகவில்லை. நீங்கள் எழுதியது கிடைத்த அன்றே அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. ஒருத்திக்காக எழுதவில்லை என்று நீங்கள் எழுதினீர்கள். அது உண்மை.

டேப் வந்த அன்று ஜிப்னா மிஸ்ஸிடம் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் உங்கள் தாள்களை மட்டும் எடுத்து வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தார். நான் ஆசையோடு பார்த்த அதே அளவுகள்தான். "அப்பிள் உடம்புன்னா வயிறுதான் முதல்ல கொறையும். இவங்களுக்குக் கை கொறைஞ்சிருக்கு, தொடை கொறைஞ்சிருக்கு, கழுத்தும் கொறைஞ்சிருக்கு. இது எக்ஸர்சைஸ் இல்ல, சஜீவனி" என்றார். பிறகு தாளின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். அதில் 'இரவு உணவு' என்று போட்டிருக்கிறது. எல்லாத் தாளிலும் வெறுமையாக இருந்தது. "இவங்க சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, அக்கா. என் சொந்த அக்கா இரவில் என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அங்குலமும் குறையும்போது நான் சபாஷ் போட்டிருக்கிறேன்.

தாள் ஒன்று அனுப்புகிறேன். ஞாயிறிலிருந்து ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். உண்மையை எழுதுங்கள். புது அறிக்கைக்கு மேனுஷா தான் ஒரு ஆளாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், மிஸ்ஸின் சின்னம்மா ஒரு ஆள், மூன்றாவது ஆளை இன்னும் தேடவில்லை. டிசம்பரில் பரீட்சை திரும்பவும் எழுதலாம், எழுதாமலும் போகலாம். அது இப்போது பெரிதில்லை. வெள்ளி இரவு ரயில் கோச்சியில் புறப்பட்டு, 14ஆம் தேதி சனி காலையில் பதுளையில் இறங்குவேன். நான்கு நாள் லீவு.

சஜீவனி


கீழ்ப் பிரிவு
13 செப்டம்பர் 2024, வெள்ளி

என் தங்கச்சிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளை நீ வந்ததும் கையில் தருவேன். வாயால் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். ஸ்டேஷனில் என்னைப் பார்த்துப் பதறியிருப்பாய், பயப்படாதே. சட்டை எல்லாம் தொளதொள என்று இருக்கிறது. டவுன் டொக்டரிடம் காட்டினேன், நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

முன்னே மூன்று வீட்டுக் குழம்பும் வாசலில் கைமாறும். ஒருத்தி கறி ஆக்கினால் மூன்று பேருக்கும் அதுதான். அவர்கள் போன பிறகு ஒருத்திக்காக உலை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அரிசியை அளந்து கையில் எடுத்தால் அது ரொம்பக் கொஞ்சமாக இருக்கும். திரும்பப் பானையிலேயே போட்டுவிடுவேன். வயிறு குறைந்ததற்கு இதுதான் காரணம். பயிற்சி என்று நீ சந்தோஷப்பட்டதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத வெட்கமாக இருந்தது.

நீ கேட்டபடி:

ஞாயிறு: தேயிலைச் சாயத் தண்ணி மட்டும்.
திங்கள்: சாயத் தண்ணி, இரண்டு பிஸ்கட்.
செவ்வாய்: ஒன்றும் இல்லை. வந்ததும் படுத்துவிட்டேன்.
புதன்: பாண் இரண்டு துண்டு, சீனி தொட்டு.
வியாழன்: ரொட்டி சுட்டேன். ஒன்று சாப்பிட்டேன்.
வெள்ளி: நீ கோச்சி ஏறியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே சோறு ஆக்கினேன். பருப்பும் வைத்தேன். முக்கால் கோப்பை சாப்பிட முடிந்தது.

சனிக்கிழமைக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை நாளைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, நீ எழுது.

அக்கா அற்புதமலர்